குளக்கரையில் கைவைக்கும் முன்: தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நொய்யல் படுகையின் குளங்களையும் அவற்றின் கரைகளில் உள்ள நடைபாதைகளையும் பராமரிக்க ஒவ்வோர் ஆண்டும் புதிய குழுக்கள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மண்வெட்டியும் சாக்குப் பையுமாக இளைஞர்கள் வந்து நிற்பதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால், தொடக்கக் காலத்தில் எங்கள் குழு தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க மனம் ஒப்பவில்லை. தொப்பி, குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரையை வெறும் மண்ணாக்குதல்

புரட்டாசியில், மழைக்குச் சற்று முன்னால், நன்கொடைப் பணத்தில் ஜேசிபி வாடகைக்கு எடுத்துக் கரை முழுவதையும் வழித்தெடுப்பதுதான் நான் காணும் தவறுகளிலேயே அதிகச் செலவு வைப்பது. புல், புதர், செடி எதுவும் மிச்சமில்லாமல் செம்மண் பளிச்சென்று தெரியும். வந்து பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுதான் அடுத்த குழுவையும் அதே வேலைக்குத் தூண்டுகிறது என்பதே எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல்.

ஜேசிபியின் மண் அள்ளும் வாளி புல்லை மட்டும் எடுப்பதில்லை. மேல்மண்ணையும், அதைப் பின்னிப் பிடித்திருக்கும் வேர்களையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. இங்கே மழை குறைவு என்றாலும், வடகிழக்குப் பருவத்தில் ஒரே மாலையில் கொட்டித் தீர்ப்பது வழக்கம். வேர்ப்பிடிப்பு இல்லாத சரிவில் அந்த நீர் முதலில் விரல் அகலத்துக்குக் கீறுகிறது. பிறகு எல்லாக் கீறல்களும் ஒன்றுசேர்ந்து வாய்க்காலாகிக் கரையின் தோளை அறுத்துக்கொண்டு போகின்றன.

ஒரு குளத்தில் இப்படி வழித்து முடித்த அன்று, கீழே வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏங் கண்ணு, கரைய இப்படி மொட்டையடிச்சுப் போட்டீங்களே, மழை வந்தா மண்ணு நிக்குமுங்களா?" என்று கேட்டார். அவருக்கு அங்கிருந்த யாரும் பதில் சொல்லவில்லை. ஐப்பசியின் முதல் பெருமழைக்குப் பிறகு அந்தப் பாதையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளங்கள் விழுந்திருந்தன. வழித்தெடுக்கக் கொடுத்த வாடகையை விடப் பல மடங்கு, லாரியில் மண் கொண்டுவந்து கொட்டி இறுக்குவதற்குச் செலவானது. கிளறிய மண்ணில் முதலில் முளைத்தது பார்த்தீனியம். அதை அடுத்துச் சீமைக் கருவேலம். எந்தக் களையை ஒழிக்கப் புறப்பட்டார்களோ, அதற்கே பாத்தி கட்டிக் கொடுத்தாயிற்று.

செய்ய வேண்டியது எளிது. நடப்பதற்கு வேண்டிய நான்கைந்து அடி அகலத்தில் மட்டும் புல்லை அரிவாளாலோ புல்வெட்டும் இயந்திரத்தாலோ ஒரு சாண் உயரம் விட்டு வெட்டுங்கள். விதை உதிர்ந்த பிறகு, தை மாசி வாக்கில் வெட்டினால் அடுத்த மழைக்குத் தானே தழைக்கும். சரிவில் உள்ள புல்லைத் தொடவே வேண்டாம். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களை ஒருமுறை போய்ப் பார்த்தால் இது விளங்கும். அங்கே முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கின்றன. மாடு மேய்ந்தாலும் வேர் மண்ணை விடுவதில்லை. ஏற்கெனவே வழித்துவிட்ட கரையாக இருந்தால், அந்தப் புல்லின் விதையை மழைக்கு முன் தூவுங்கள். அரிப்பு தொடங்கிவிட்ட இடத்தில் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேரை நெருக்கமாக நடுங்கள். ஒரே பருவத்தில் பலன் தெரியாது. அதற்காக மறுபடியும் இயந்திரத்தைக் கூப்பிடாதீர்கள்.

இதனோடு சேர்ந்தது பாதையின் சாய்வு. தட்டையாக இறுக்கிய பாதையில் நீர் தேங்குகிறது. நடப்பவர்கள் சேற்றைச் சுற்றிப் போகிறார்கள். அதனால் பாதை அகன்று, ஓரத்துப் புல்லும் அழிகிறது. 5 அடி அகலப் பாதைக்குக் குறுக்கே 2 அல்லது 3 அங்குலச் சாய்வு இருந்தால் போதும். குளக்கரையில் அந்தச் சாய்வு கல்பதிப்பு உள்ள தண்ணீர்ப் பக்கமாக இருக்க வேண்டும். வயல் பக்கம் சாய்த்தால் கரையின் வெளிச்சரிவு கரையும். மலைப்பாதையில் பள்ளத்துப் பக்கம் சாய்க்க வேண்டும்.

முள் இருந்தால் சீமைக் கருவேலம் என்று எண்ணுதல்

நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிற உருண்டை; அதன் காய் மணிமணியாக இடுங்கி இருக்கும். வெள்வேலத்தின் பட்டை வெளிறியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிராகத் தொங்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காமல் கையில் அரிவாளைக் கொடுக்காதீர்கள். சீமைக் கருவேலத்தை அடிமரத்தோடு வெட்டி விட்டால் மறுபடி தழைக்கும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். பறவைக் கூடுகள் உள்ள மரம் எதுவானாலும் குஞ்சுகள் பறக்கும் வரை நிற்கட்டும்.

பருவம் பாராமல் வேலை செய்தல்

ஈரோட்டுக்கு அருகில் உள்ள வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022ஆம் ஆண்டிலும் திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024ஆம் ஆண்டிலும், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இத்தகைய குளங்களுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வருகின்றன. அந்த மாதங்களில் நீர்விளிம்பில் கூட்டமாக இறங்கக் கூடாது. கோடையில் குளம் வற்றியிருக்கிறது என்று நினைத்து எங்கும் மிதிக்கவும் கூடாது. ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் உடனே நின்று காலடியைப் பாருங்கள். சரளைக்கல்லின் நிறத்திலேயே, கரும்புள்ளிகளோடு, கூர்முனைகள் உள்நோக்கியபடி நான்கு முட்டைகள் வெறுந்தரையில் கிடக்கும். அந்த இடத்தைச் சுற்றிப் பத்தடி விட்டு வேலை செய்யுங்கள்.

கரை மேல் பெருமரம்

மரம் பட்டுப்போனால் அதன் வேர் மக்கி, அந்த வழியாகக் கரைக்குள் நீர் புகும். கரைக்குப் பனைதான் பழகிய மரம். அதன் சல்லிவேர் மண்ணைப் பிடிக்கும்.

வெறுங்கையால் பார்த்தீனியம் பிடுங்குதல்

தோல் வெந்து அரிக்கும். கையுறை போட்டு, பூப்பதற்கு முன், ஈரமண்ணில் பிடுங்குங்கள்.

குப்பையை எரித்தல்

வேண்டவே வேண்டாம்.

பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுதல்

கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வாய்மொழி அனுமதியை நம்புதல்

குளம் நீர்வளத்துறையிடம் இருக்கலாம், மாநகராட்சியிடம் இருக்கலாம். மலையடிவாரப் பாதை வனத்துறையின் காப்புக்காடாக இருக்கலாம். யாருடையது என்று முதலில் தெரிந்துகொண்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அலுவலர் இடமாறினால் வாய்ச்சொல் அவரோடு போய்விடும்.

நட்டுவிட்டு மறத்தல்

விழாவுக்கு ஐந்நூறு கன்றுகளை நடுவதை விட, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற முடிந்த முப்பது கன்றுகளை நடுவது மேல். கன்று வேர் பிடித்து உயர்ந்த பிறகு இரும்புக் கூண்டைக் கழற்றுவதும் அதே குழுவின் பொறுப்பு. கூண்டின் கம்பி வளையம் பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே தண்டு வீங்கி நிற்கும் புங்க மரங்களைப் பல பூங்காக்களில் காணலாம். அந்தக் கம்பியை இழுத்து எடுத்தால் பட்டையும் கூடவே உரிந்துவிடும். வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி அகற்றுங்கள்.