சொந்தப் புகைப்படங்களை வால்பேப்பராகவும் ஸ்கிரீன்சேவராகவும் அமைப்பது எப்படி?

புகைப்படத்தின்மேல் வலது கிளிக் செய்து, டெஸ்க்டாப் பின்னணியாக வைக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நொடியில் வால்பேப்பர் மாறிவிடும். ஆனால் தலை வெட்டுப்பட்டிருக்கும், அல்லது படம் மங்கலாகத் தெரியும், அல்லது குழந்தையின் முகத்தின்மேல் ஐகான்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். புகைப்படம் என்பது நாம் பார்ப்பதற்காக எடுத்தது; வால்பேப்பரோ தன்மேல் வேறு பலவற்றைத் தாங்கி நிற்க வேண்டியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படத்தைத் தேர்ந்து, திரைக்கு ஏற்ப நாமே வெட்டிக் கொடுத்தால் மேற்கண்ட குறைகளில் பெரும்பாலானவை எழவே எழா. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டு படிகளை விளக்குகிறேன். மேக் கணினிக்கான வழியையும் ஆங்காங்கே சேர்த்துள்ளேன்.

முதல் படி: திரையின் அளவை அறிதல்

டெஸ்க்டாப்பின் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால், 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். 1920 × 1080 என்றிருந்தால் திரையின் அகலம் 1920 பிக்சல் (திரையில் உள்ள நுண்புள்ளி), உயரம் 1080 பிக்சல் என்று பொருள். இதன் விகிதம் 16:9. சில மடிக்கணினிகளில் 1920 × 1200 என்ற அளவு இருக்கும். அதன் விகிதம் 16:10. இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் வரும் எல்லாப் படிகளுக்கும் இவை தேவைப்படும். மேக் வைத்திருப்பவர்கள் விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, படத்தைச் சிறிதாக்காமல் இயன்ற அளவு பெரிதாகவே வைத்திருப்பது நல்லது.

இரண்டாம் படி: படத்தைத் தேர்ந்தெடுத்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே என்பது என் உறுதியான கருத்து. நமக்கு மிகவும் பிடித்த படமே நல்ல வால்பேப்பராக அமையும் என்று சொல்ல முடியாது. படத்தில் வெற்றிடம் இருக்க வேண்டும்: வானம், நீர்ப்பரப்பு, சுவர், மங்கலாகத் தெரியும் பின்னணி போன்ற அமைதியான பகுதி எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு ஐகான்களின் பெயர்கள் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். விண்டோஸில் ஐகான்கள் இடப்பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. ஆகவே ஆளோ பொருளோ வலப்பக்கத்தில் அமைந்த படங்களைத் தேடுங்கள். மேக்கில் கோப்புகள் வலப்பக்கத்தில் வந்து அமர்வதால் அங்கே இதற்கு நேர்மாறாகப் பார்க்க வேண்டும். விண்டோஸின் கீழ்விளிம்பில் டாஸ்க்பார் ஒரு பட்டையளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், பாதங்களோ முக்கியமான விவரங்களோ படத்தின் அடிவிளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது.

இடம் மாறி அமைந்த படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிவிடலாமே என்று தோன்றலாம். இயற்கைக் காட்சிக்கு அது பொருந்தும். எழுத்துகள் உள்ள படத்தில் அவை கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரியும், பழகிய முகங்களும் சற்றே அந்நியமாகத் தோன்றும்.

மூன்றாம் படி: மூலக் கோப்பைக் கணினிக்குக் கொண்டுவருதல்

வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டுவிடும். கைப்பேசியில் சிறிதாகப் பார்க்கும்போது தெரியாத சிதைவு, பெரிய திரையில் பளிச்சென்று தெரியும். எனவே யுஎஸ்பி கேபிள் மூலம் நகலெடுங்கள். வாட்ஸ்அப்தான் வசதி என்றால் 'டாக்குமெண்ட்' என்ற வகையில் அனுப்புங்கள். ஐபோன் படங்கள் எச்இஐசி வடிவில் இருந்து கணினியில் திறக்க மறுத்தால், அவற்றை ஜேபெக் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இனி எடுக்கும் படங்கள் நேரடியாக ஜேபெக் ஆகவே அமைய, ஐபோனின் கேமரா செட்டிங்ஸில் 'ஃபார்மட்ஸ்' என்பதற்குள் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கணினிக்கு வந்ததும் 'வால்பேப்பர்' என்றொரு கோப்புறையை உருவாக்கி, படங்களின் நகல்களை அதில் வைத்து, அந்த நகல்களில் மட்டுமே வேலை செய்யுங்கள். மூலப் படத்தின்மேல் சேமித்துவிட்டால் வெட்டப்பட்ட பகுதியைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் இயலாது.

நான்காம் படி: திரையின் விகிதத்துக்கு வெட்டுதல்

கைப்பேசிக் கேமராக்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் படமெடுக்கின்றன. 4000 × 3000 பிக்சல் கொண்ட ஒரு படத்தை 16:9 ஆக்கினால் 4000 × 2250 மிஞ்சும். அதாவது உயரத்தில் கால் பங்கு போய்விடும். எந்தக் கால் பங்கு போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால் கணினி தானே முடிவு செய்துவிடும். தலைகள் வெட்டுப்படுவதற்கு இதுவே காரணம்.

விண்டோஸின் ஃபோட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்து, 'எடிட்', பிறகு 'க்ராப்' என்று சென்று, விகிதத்தை 16:9 எனத் தேர்ந்தெடுங்கள். சட்டம் அந்த விகிதத்திலேயே நிலைத்து நிற்கும். படத்தை அதற்குள் மேலும் கீழும் நகர்த்தி, தலைக்கு மேலே சற்று இடம் விட்டுப் பொருத்தி, புதிய பெயரில் சேமியுங்கள். 16:10 போன்ற விகிதம் தேவைப்படுவோருக்கு இலவச மென்பொருளான கிம்ப் ஏற்றது: அதன் க்ராப் கருவியின் விருப்பங்களில் விகிதத்தை நிலைநிறுத்தி, வேண்டிய எண்களை நாமே தட்டச்சு செய்யலாம். கிம்ப்பில் 'சேவ்' கட்டளை அதன் சொந்த வடிவிலேயே கோப்பைச் சேமிக்கும். ஜேபெக் அல்லது பிஎன்ஜி வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

வெட்டிய பின் மிஞ்சும் அகலம் திரையின் அகலத்தைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்தை நெருக்கமாக வெட்டியதில் 900 பிக்சல் மட்டுமே மிஞ்சினால், 1920 பிக்சல் திரையை நிரப்ப அது இரு மடங்குக்கும் மேல் இழுக்கப்பட்டு மங்கிவிடும். எந்த மென்பொருளாலும் படத்தில் பதிவாகாத விவரத்தை உண்மையாக மீட்டுத் தர முடியாது.

செங்குத்தாக எடுத்த படம் என்றால்

நல்ல படங்கள் பல செங்குத்தாக எடுத்தவையாகவே இருக்கின்றன. அவற்றை அகலமாக வெட்டினால் பாதிக்கும் மேல் போய்விடும். வெட்டாமலே பயன்படுத்த ஒரு வழி உண்டு. கிம்ப்பில் 1920 × 1080 அளவில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, அதே புகைப்படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேயர்களாக, அதாவது அடுக்குகளாக, சேருங்கள். அடியில் உள்ளதைத் திரை முழுவதும் மூடும் அளவுக்குப் பெரிதாக்கி, 'காஸியன் பிளர்' மூலம் உருவங்கள் அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கலாக்குங்கள். மேலே உள்ளதை 1080 உயரத்துக்குச் சுருக்கினால், 3:4 விகிதப் படத்தின் அகலம் 810 பிக்சல் ஆகும். அதை வலப்பக்கம் நகர்த்தி வைத்தால், இடப்பக்கம் அதே படத்தின் நிறங்களாலான அமைதியான பரப்பு ஐகான்களுக்குக் கிடைத்துவிடுகிறது. கருப்புப் பட்டைகளைவிட இது பன்மடங்கு அழகாக இருக்கும்.

வெட்டும் வேலை முடிந்ததும் ஒளியைச் சற்றே குறைத்துப் பாருங்கள். வெயிலில் எடுத்த பளிச்சென்ற படம் நாள் முழுவதும் கண்ணெதிரே இருந்தால் கண் களைத்துப் போகும். ஐகான்களின் வெள்ளை எழுத்துகளும் அதன்மேல் எடுபடா.

ஐந்தாம் படி: வால்பேப்பராக அமைத்தல்

செட்டிங்ஸில் 'பெர்சனலைசேஷன்', அதற்குள் 'பேக்கிரவுண்ட்' என்று சென்று, 'பிக்சர்' என்பதைத் தேர்ந்து, 'பிரவுஸ்' மூலம் படத்தைக் காட்டுங்கள். பொருத்தும் முறைக்கு 'ஃபில்' போதும்; நாம் சரியான விகிதத்தில் வெட்டியிருப்பதால் அது எதையும் வெட்டாது. 'ஸ்ட்ரெட்ச்' முறையைத் தவிர்த்துவிடுங்கள், விகிதம் சிறிது மாறினாலும் அது முகங்களை அகலமாகவோ நீளமாகவோ இழுத்துவிடும். பல படங்கள் இருந்தால் 'ஸ்லைட்ஷோ' என்பதைத் தேர்ந்து கோப்புறையைக் காட்டலாம். மாறும் இடைவெளியை ஒரு நிமிடம் முதல் ஒரு நாள் வரை வைக்க முடியும். வேலையினூடே கவனம் சிதறாமலிருக்க ஒரு நாள் இடைவெளியையே நான் பரிந்துரைப்பேன். மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' சென்று 'வால்பேப்பர்' பகுதியில் படத்தையோ கோப்புறையையோ சேர்க்கலாம்.

ஆறாம் படி: ஸ்கிரீன்சேவர்

கணினியை நாம் தொடாதிருக்கும்போது திரையில் தானாக ஓடுவதே ஸ்கிரீன்சேவர். பழைய படக்குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் நிலையாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்கவே ஸ்கிரீன்சேவர் தோன்றியது. இன்றைய எல்சிடி திரைகளுக்கு அந்தப் பாதுகாப்புத் தேவைப்படுவதில்லை. ஓஎல்இடி திரைகளில் தடம் பதியும் வாய்ப்பு இன்றும் உண்டு என்பதால், அவற்றில் படங்கள் மாறிக்கொண்டிருப்பது நன்மையே. ஸ்கிரீன்சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. அதற்குத் திரை அணைவதே வழி.

ஐகான்கள் குறுக்கிடாத இடம் என்பதால், வால்பேப்பருக்குப் பொருந்தாமல் ஒதுக்கிய படங்கள் எல்லாம் இங்கே தங்களுக்குரிய இடத்தைப் பெறுகின்றன: முகங்கள் நிறைந்த குடும்பப் படம், நெருக்கமான உருவப்படம், விவரங்கள் செறிந்த திருவிழாக் காட்சி. அவற்றைத் தனிக் கோப்புறையில் சேருங்கள். 'பெர்சனலைசேஷன்' பகுதியில் 'லாக் ஸ்கிரீன்', அதன் அடியில் 'ஸ்கிரீன் சேவர்' என்று சென்று, பட்டியலில் 'ஃபோட்டோஸ்' என்பதைத் தேர்ந்து, 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்திக் கோப்புறையைக் காட்டுங்கள். வேகத்தை 'ஸ்லோ' என வைத்தால் ஒவ்வொரு படத்தையும் நின்று பார்க்க முடியும். வரிசை கலந்து வர 'ஷஃபிள்' என்பதைக் குறியிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்கிரீன்சேவர் தோன்றவில்லை என்றால், திரை அதற்கு முன்பே அணைந்துவிடுகிறதா என்று பாருங்கள். ஸ்கிரீன்சேவரின் காத்திருப்பு நேரம் 5 நிமிடம் என்றால், செட்டிங்ஸின் 'பவர்' பகுதியில் திரை அணையும் நேரம் அதைவிடக் கூடுதலாக, 15 நிமிடம் போல, இருக்க வேண்டும்.

அலுவலகக் கணினி என்றால் இருக்கையில் நாம் இல்லாத வேளையில்தான் இந்தப் படங்கள் பிறர் கண்ணில் படும் என்பதை எண்ணி, பள்ளிச் சீருடையில் உள்ள குழந்தைகளின் படங்களையும் முகவரி தெரியும் படங்களையும் கோப்புறையிலிருந்து எடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது கடவுச்சொல் கேட்கும்படி 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்ற கட்டத்தையும் குறியிட்டு, 'ப்ரிவியூ' பொத்தானை அழுத்திச் சரிபாருங்கள். பிறகு புதிய படங்களை அந்தக் கோப்புறையில் இட்டாலே போதும், அவையும் தாமாக வரிசையில் சேர்ந்துகொள்ளும்.