வெட்டரிவாளுக்கு எஃகு தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளநீர் சீவ, விறகு பிளக்க, ஆட்டெலும்பு கொத்த என்று எடுக்கும் பெரிய கத்தி முதலில் அடி தாங்க வேண்டும். கூர் எத்தனை நாள் நிற்கும் என்பது அதற்குப் பிறகுதான். வாய் மழுங்கினால் சாணை பிடிக்கலாம், மடங்கினால் தட்டி நிமிர்த்தலாம். தெறித்தால் அந்தச் சில்லு கறிக்குள் போகும், இல்லையென்றால் கண்ணில் பாயும். எஃகு வாங்கும்போது பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

காய்கறிக் கத்திக்கு, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 60, 62 இருந்தால் நல்லது. அதே அளவை வெட்டரிவாளுக்கும் கேட்பது தவறு. கொத்தும் கத்திக்கு 54 முதல் 57 போதும். டி2 எஃகு "ரொம்ப ஸ்ட்ராங்" என்று விற்கப்படுகிறது. அதில் கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து உள்ளே பெரிய கார்பைடு மணிகளாகத் திரளும். தேய்மானத்தை இவை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஓங்கி அடிக்கும்போது விரிசல் இவற்றின் ஓரத்தில்தான் பிறக்கும். துருப்பிடிக்காத எஃகான 440சி-க்கும் இதே குணம். பேரிங் எஃகான ஈஎன்31-இல் கார்பன் 1 சதவீதம். கைதேர்ந்தவர் பதம் பார்த்தால் (காய்ச்சித் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கினால்) அதிலும் நல்ல கத்தி வரும், ஆனால் சிறு பிழையைக்கூட அது பொறுக்காது. பழைய அரத்தில் கார்பன் இன்னும் கூடுதல், அரிவாளுக்கு வேண்டவே வேண்டாம். கட்டடக் கம்பியோ நேர் எதிர். கார்பன் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாததால் எப்படிக் காய்ச்சித் தோய்த்தாலும் வாய் நிற்கிற அளவுக்கு இறுகாது.

கார்பன் 0.5 முதல் 0.65 சதவீதம் உள்ள ஸ்பிரிங் எஃகுதான் இந்த வேலைக்குச் சரி. ஈஎன்45, ஈஎன்47, எஸ்யூபி9, 5160 என்று கேட்டு வாங்கலாம். ஈஎன்45-இல் சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம் இருக்கும். ஈஎன்47-இல் குரோமியத்தோடு வனேடியமும் சேர்வதால் உலையில் சற்றுச் சூடு மீறினாலும் எஃகின் மணி (உள்ளே இருக்கும் படிகத் துகள்) எளிதில் பெருக்காது. "ஹை கார்பன்" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், கிரேடைக் கேளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் படும் கறிக்கடைக்குத் துருப்பிடிக்காதது வேண்டுமென்றால் 1.4116 என்ற கிரேடு நல்ல தேர்வு: கார்பன் அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம் வரை. 304 ஸ்டெயின்லெஸ் தகடு பாத்திரத்துக்கு ஆகும், கத்திக்கு ஆகாது. சூடாக்கித் தோய்த்தாலும் அது இறுகாது.

பழைய லாரிப் பட்டை

திருப்பாச்சேத்தி அரிவாள் உட்பட நம் ஊர் அரிவாள்கள் பலவும் லாரிப் பட்டையில், அதாவது லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் எஃகுப் பட்டையில், அடித்தவைதான். எஃகில் குறை இல்லை, ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நடு போல்ட் துளையைச் சுற்றியும், முனை வளையத்தின் அருகிலும், இழுவிசை விழும் பக்கத்திலும் அது தொடங்கும். உலையில் வைத்து அடித்தால் ஒட்டிவிடும் என்பது தப்பான நம்பிக்கை. விரிசலின் உள்முகம் துருவும் செதிலுமாக இருப்பதால் ஒட்டாது, நீண்டு கத்தியின் வாய்வரை வரும்.

சோதிக்கச் செலவில்லை. துருவை முழுக்கத் தேய்த்தெடுத்து மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக் கோடாக எழும். கோடு தெரிந்த பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். பட்டை செய்யும் இடத்தில் புதுத் துண்டு கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. கேஸ் கட்டரில் அறுத்த துண்டானால் அறுத்த ஓரத்தில் 5 மில்லிமீட்டராவது தேய்த்துத் தள்ளுங்கள், சூடு பட்ட அந்த இடம் நொறுங்கும்.

கிரேடு தெரியாத பட்டையா? ஒரு சிறு துண்டைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே ஏற்றி எண்ணெயில் தோய்த்து அரத்தால் இழுங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் இறுகியிருக்கிறது. பிறகு துணி சுற்றி, வைஸில் பிடித்து உடையுங்கள், கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. உடைந்த முகம் நுண்ணிய சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. சர்க்கரை போல் மின்னினால் சூடு மீறி மணி பெருத்துவிட்டது.

பதம் கெடும் இடங்கள்

நல்ல ஸ்பிரிங் எஃகையும் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும். 830 முதல் 870 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் இறக்க வேண்டும். தோய்த்ததை மறுநாளைக்கு என்று போட்டுவைக்கவும் கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததுமே ஓவனில் 200 முதல் 230 டிகிரியில் 2 மணி நேரம், இருமுறை வையுங்கள். "இன்னும் மென்மையாக்கலாம்" என்று 300 டிகிரிக்கு ஏற்றுபவர்கள் உண்டு. 260 முதல் 370 வரை உள்ள அந்த இடைவெளியில் எஃகு மென்மையானாலும் அடி தாங்கும் குணம் குறையும். ஈஎன்45 போலச் சிலிக்கான் கூடியதில் இந்த எல்லை சற்று மேலே தள்ளிப்போகும்.

பதம் பார்த்த பின் ஆங்கிள் கிரைண்டரில் வாய் எடுக்கும்போது நீல நிறம் ஏறினால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது. மேலே தேய்த்து நிறத்தைப் போக்கினாலும் பதம் திரும்பாது. விரல் வைத்தால் சுடும் நிலை வரும் முன்பே தண்ணீரில் முக்கி எடுங்கள்.

கைப்பிடிக்குள் போகும் காம்பைச் சாதா இரும்பில் செய்து பட்டையோடு வெல்டிங் வைப்பது இன்னொரு பெரிய தவறு. வெல்டிங்கை ஒட்டிய கோடு கண்ணாடி போல் இறுகி, ஓங்கும்போது அங்கேயே முறியும். காம்பும் அலகும் ஒரே துண்டாக இருக்கட்டும். இரண்டும் சேரும் மூலையைச் செங்கோணமாக வெட்டாமல் 3 முதல் 5 மில்லிமீட்டர் வளைவு கொடுங்கள்.

முடித்த கத்தியால் காய்ந்த புளியங்கட்டையில் ஐம்பது முறை ஓங்கி வெட்டி, வாயை வெளிச்சத்தில் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் முன்பு வைத்ததைவிட 15 டிகிரி கூட்டி மறுபடி ஓவனில் வையுங்கள், ஆனால் 250-ஐத் தாண்ட வேண்டாம். மடங்கியிருந்தால் வாய் மெலிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். எலும்பு வெட்ட இரு பக்கமும் சேர்த்து 40 முதல் 50 டிகிரி கோணம் வேண்டும். கோணம் சரியாக இருந்தும் மடங்கினால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். மறுபடி காய்ச்சித் தோய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.