மாட்டுக்குக் கடற்பாசி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

மாட்டின் ஏப்பத்தில் வெளியேறும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் கடற்பாசி குறைக்கும் என்ற செய்தி உண்மைதான். ஆனால் எந்தப் பாசி என்பதைச் சொல்லாமலேயே பலரும் பரப்புகிறார்கள். முதல் தவறு அங்கேதான்.

மீத்தேனைப் பெரிய அளவில் குறைப்பது அஸ்பராகாப்சிஸ் என்னும் சிவப்புப் பாசி. அதிலுள்ள புரோமோஃபார்ம் என்னும் வேதிப்பொருள், மாட்டின் முதல் வயிற்றில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் வேலையைத் தடுக்கிறது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் காப்பாஃபைகஸ், உணவைக் கெட்டியாக்க உதவும் கேரஜீனன் எடுப்பதற்கான பாசி. கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை என்னும் பழுப்புப் பாசியும் வேறு இனம். மூட்டையில் ‘கடற்பாசி கலந்தது’ என்று இருந்தால் போதாது. பாசியின் பெயரையும் புரோமோஃபார்ம் அளவையும் விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கூடப் போட்டால் கூடப் பலன் என்ற நினைப்புதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (டேவிஸ்) ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. தீவனத்தில் 1% பாசி கலந்தபோது மீத்தேன் நன்றாகவே குறைந்தது. கூடவே மாடுகள் தின்னும் அளவு 38%, பால் 11.6% குறைந்தன. அந்த வாடை பல மாடுகளுக்குப் பிடிப்பதில்லை, தீவனத்தை ஒதுக்கிவிடும். நெதர்லாந்து ஆய்வொன்றில் மாட்டின் பாலிலும் சிறுநீரிலும் புரோமோஃபார்ம் காணப்பட்டது. முதல் வயிற்றின் உட்சுவரில் அழற்சியும் தெரிந்தது. நம் பிள்ளைகள் குடிக்கும் பால் அது. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கைக்கணக்கில் அள்ளிப் போடவே கூடாது.

அயோடினையும் மறந்துவிடுகிறோம். தாது உப்புக் கலவையில் ஏற்கெனவே அயோடின் இருக்கும். பாசியிலுள்ள அயோடினும் சேர்ந்தால் மிகுதியானது பாலில் இறங்கும்.

புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும் பொருள். வெயிலில் காயவைத்த பாசியிலும், வாய் திறந்து கொட்டகையில் கிடக்கும் மூட்டையிலும் நாளாக ஆக வீரியம் போய்விடும். சில நிறுவனங்கள் பாசியை எண்ணெயில் ஊறவைத்து விற்பது இதனால்தான்.

‘80% குறையும்’ என்ற விளம்பரத்தை நம் வைக்கோல் தொட்டிக்கு அப்படியே பொருத்துவதும் தவறு. அதே பல்கலைக்கழகம் 2021-ல் இறைச்சி மாடுகளில் செய்த ஆய்வில், தானியம் மிகுந்த தீவனத்தில்தான் குறைவு 80 சதவீதத்தை எட்டியது. நார்த்தீவனம் மிகுந்தபோது பாதியளவே குறைந்தது. வைக்கோலை நம்பி நிற்கும் மாட்டுக்கு முதலில் நல்ல பசுந்தீவனமும் சரிவிகித அடர்தீவனமும் கொடுங்கள். கறவை கூடினால் ஒரு லிட்டர் பாலுக்கு வெளியேறும் மீத்தேன் குறையும். அதற்குப் பாசி தேவையில்லை.