டான்யூப் ஓரமாகச் சைக்கிளில்: இன்றைக்கு எந்தக் கரை?

ஜெர்மனியின் பாஸாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கு, டான்யூப் ஆற்றை ஒட்டிய பாதையில், நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு முறை சைக்கிளில் போயிருக்கிறோம். முதல் முறை பாதி தூரம் தப்பான கரையில் போனோம். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் லாரிச் சத்தம். இரண்டாவது முறை கரை பார்த்து மாறிமாறிப் போனோம். அதே ஆறு, அதே ஊர்கள், ஆனால் பறவைச் சத்தம் கேட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 56. சொந்த ஊர் ஸ்ரீரங்கம். கொள்ளிடக் கரையில் சைக்கிள் பழகியவள். மகள் மியூனிக்கில் வேலை பார்க்கிறாள், அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் இந்தப் பாதை அறிமுகம். முட்டிவலி உள்ளவர்களும் தாராளமாகப் போகலாம். பாஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், வியன்னா சுமார் 160. நடுவில் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு அவ்வளவுதான் இறக்கம் என்பதால் மிதிக்காமல் உருண்டு போக முடியாது, ஆனால் மூச்சு வாங்கும் மேடும் கிடையாது. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது முதுகுப் பக்கமிருந்து வீசும். நீரோட்டத்தின் திசையிலேயே போங்கள் என்று சொல்வதற்கு இந்தக் காற்றுதான் பெரிய காரணம்.

பாதை இப்படிச் சமதளமாக இருப்பதற்கு ஒரு கதை உண்டு. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால் உப்பும் தானியமும் ஏற்றிய படகுகளை ஆற்றுக்கு எதிராகக் குதிரைகள் கட்டி இழுத்தார்கள். குதிரை நடந்த கரைப்பாதைதான் பல இடங்களில் இன்றைய சைக்கிள் பாதை. தண்ணீரை ஒட்டியே போகும், பல இடங்களில் காருக்கு அனுமதி இல்லை. பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ‘யூரோவெலோ 6’ என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு இது. 6 என்ற எண் போட்ட பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது.

சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். பாஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வண்டியைக் கையில் வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள், ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் சீட் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம், மூன்றாம் நாள் முட்டி பேசும். அப்புறம் கேரியரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முதல் பயணத்தில் எனக்குக் கொடுத்த வண்டியில் கேரியர் போல்ட் லூசாக இருந்தது. பையை மாட்டி நாற்பது கிலோமீட்டர் போனபிறகு கேரியர் ஒரு பக்கம் சாய்ந்து, பை சக்கரத்தில் உரச ஆரம்பித்தது. ஒரு விவசாயி தன் கொட்டகையிலிருந்து ஸ்பேனர் எடுத்துவந்து முறுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனர், ஒரு ட்யூப், ஒரு பம்ப் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

சரி, கரைக்கு வருவோம்.

பாஸாவில் மூன்று ஆறுகள் சேர்கின்றன: டான்யூப், இன், இல்ஸ். ஊர் முனையில் போய் நில்லுங்கள். ஆல்ப்ஸிலிருந்து வரும் இன் நதி பால் கலந்த பச்சை, இல்ஸ் கருந்தேநீர் நிறம். மூன்றும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நகர மண்டபக் கோபுரத்துச் சுவரில் வெள்ளம் ஏறிய மட்டங்களைக் குறித்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர். அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இந்த ஆற்றின் மேல் மரியாதை வரும். கிளம்புவதற்கு முன் நீர்மட்டத்தை விசாரிக்கும் பழக்கமும் வரும். ஆறு பெருகினால் பாதை முழுகும், படகுகள் நிற்கும்.

முதல் நாள் வடகரை. தொடக்கத்தில் சாலையை ஒட்டிய தனிப்பாதை, கொஞ்சம் சத்தம் இருக்கும். யோகென்ஸ்டைன் மின்நிலையம் தாண்டியதும் கார்ச்சாலை விலகிவிடும். காடும் தண்ணீரும் நாமும் மட்டும். ஷ்லோகென் என்ற இடத்தில் மலை குறுக்கே நிற்க, ஆறு கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்பிவிடுகிறது. அங்கே வடகரையில் பாதை முடிந்துபோகும். அவ் என்ற சிற்றூரிலிருந்து சைக்கிளோடு படகில் ஏறித் தென்கரைக்குப் போக வேண்டும். அன்றிரவு அங்கேயே தங்குங்கள். சைக்கிளை விட்டுவிட்டு அரை மணி நேரம் மலைமேல் நடந்தால் ஆற்றின் வளைவு முழுதாகத் தெரியும். பாஸாவிலிருந்து இவ்வளவும் சுமார் 42 கிலோமீட்டர்தான். ஒரு நாளைக்கு ஐம்பதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் பார்க்க நேரம் இருக்காது.

மறுநாள் ஆஷாக் வரை தென்கரை. லின்ஸ் நகரத்துக்கு முன்னால் சில கிலோமீட்டர் பெரிய சாலையின் பக்கத்தில் போயே ஆகவேண்டும். தனிப்பாதைதான், ஆனாலும் எனக்குப் பிடிக்காத ஒரே துண்டு அது. லின்ஸ் தாண்டினால் வடகரையில் மௌட்ஹவுசன். நாஜிகள் 1938 முதல் 1945 வரை நடத்திய வதைமுகாம் மேட்டின் மேல் இருக்கிறது. சுமார் 1,90,000 பேரை அடைத்து வைத்து, குறைந்தது 90,000 பேரைச் சாகடித்த இடம். ஏற்றம் செங்குத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். கைதிகள் கல் சுமந்து ஏறிய 186 படிகளும் அங்கேதான். அரை நாள் ஒதுக்குங்கள். அன்று மாலைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

க்ரைனிலிருந்து இப்ஸ் வரை பள்ளத்தாக்கு குறுகுகிறது. இங்கே கண்டிப்பாகத் தென்கரை. நாங்கள் முதல் முறை ஏமாந்தது இந்த இடத்தில்தான். வடகரையில் நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. பிறகு மெல்க் வரை எந்தக் கரையானாலும் சரி. மெல்க்கின் மஞ்சள் மடாலயம் தூரத்திலிருந்தே தெரியும். 1089 முதல் துறவிகள் இருக்கும் இடம்.

மெல்க்கிலிருந்து க்ரெம்ஸ் வரையிலான வாகாவ் பள்ளத்தாக்கு வெறும் 36 கிலோமீட்டர்தான். மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம், கடக்காதீர்கள், இரண்டு நாள் வையுங்கள். தென்கரை அமைதி, வடகரையில் ஊர்கள். அதனால் தென்கரையில் மிதித்து, ஊர் பார்க்கப் படகில் தாண்டுவதுதான் என் வழி.

ஆர்ன்ஸ்டோர்ஃபுக்கும் ஷ்பிட்ஸுக்கும் நடுவே ஓடும் படகை அவசியம் பாருங்கள். மோட்டார் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே மேலே ஒரு கம்பிவடம், அதில் ஓடும் உருளையோடு படகைக் கட்டியிருக்கிறார்கள். படகுக்காரர் சுக்கானைத் திருப்பியதும் படகு கொஞ்சம் சாய்வாக நிற்கும். நீரோட்டம் அந்தச் சாய்வில் மோதிப் படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். பலகையடியில் தண்ணீர் சலசலக்கிற சத்தமும் மேலே உருளை கிறீச்சிடும் சத்தமும் தவிர ஒன்றும் கேட்காது. காவிரியில் பரிசல் ஏறிய எனக்கு, துடுப்புகூட இல்லாமல் ஆறே ஆளைக் கரைசேர்ப்பதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இறங்க மனமில்லாமல் இன்னொரு முறை போய்வந்தார். கட்டணத்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஜூலையில் போனால் வாகாவில் ஆப்ரிகாட் அறுவடை. உருளைக்கிழங்கு மாவுக்குள் முழுப் பழத்தை வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. சைவர்களுக்கு மத்தியானச் சாப்பாடாகவே அது போதும். மற்ற ஊர்களில் பாலாடைக்கட்டி போட்ட பலகாரமும் சூப்பும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலையே ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போடுங்கள். ‘ஸிம்மர் ஃப்ரை’ என்ற பலகை தொங்கினால் அறை காலி என்று அர்த்தம். ஜூலை, ஆகஸ்டில் அதை நம்பாமல் முன்பதிவு செய்யுங்கள். எனக்குப் பிடித்தது செப்டம்பர்.

க்ரெம்ஸுக்குப் பிறகு டுல்ன் வழியாகத் தென்கரை. வழியில் ஸ்வென்டன்டோர்ஃப் அணுமின் நிலையம். முழுதாகக் கட்டி முடித்தும் 1978 வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாமென்று சொன்னதால் ஒரு நாள்கூட இயங்காதது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் ஆரஞ்சு உரித்துத் தின்றோம்.

கடைசி நாள் நகரச் சாலைக்குள் நுழைய அவசரப்படாதீர்கள். வியன்னாவில் ஆற்றின் நடுவே 21 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவு இருக்கிறது, வெள்ளத்தைத் தாங்க வெட்டிய கால்வாயின் மண்ணால் உருவானது. அதன் வட முனையில் ஏறினால் நகரின் நடுப்பகுதி வரை சிக்னலே இல்லாமல் போகலாம். மாலை நேரம் என்றால் குளிக்க வந்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள், பெல்லில் விரலை வைத்துக்கொண்டே மெதுவாகப் போங்கள்.