தோட்டத்து ஹோஸுக்கு நீர் வடிகட்டி பொருத்துவது எப்படி?

கோலாலம்பூர்த் தரைவீடுகளில், முன்வாசலில் கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக இருக்கும் குழாய்க்குப் பெரும்பாலும் கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருவதில்லை. மீட்டரைத் தாண்டியதும் நேராக அங்கேதான் வருகிறது. தொட்டியின் அடியில் படிந்து நின்றிருக்க வேண்டிய வண்டல், இந்தக் குழாயைத் திறந்த உடனேயே ஹோஸுக்குள் இறங்கிவிடுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஆற்றுநீர் மாசுபட்டு, சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்ட பிறகு, தண்ணீர் திரும்பி வந்த நாளில் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டு முன்குழாயில் பிடித்த முதல் வாளி தே தாரிக் நிறத்தில் இருந்தது. நின்றுபோன நீரோட்டம் மீண்டும் வேகமாகப் பாயும்போது, குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த துருவும் மண்ணும் பெயர்ந்து வருவதே இதற்குக் காரணம். அந்த வாளியைப் பார்த்த பிறகுதான் ஹோஸுக்கு ஒரு வடிகட்டி போடலாம் என்று முடிவு செய்தேன்.

இந்தக் கட்டுரையில் குழாய் என்றால் சுவரில் உள்ள திருகு குழாய். ஹோஸ் என்றால் செடிக்கு நீர் விடும் ரப்பர்க் குழாய். சுவருக்குள் ஓடும் பைப்பை வெட்டும் வேலை இதில் எங்கும் இல்லை.

முதலில்: எதைத் தடுக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மண்ணையும் துருவையும் தடுப்பது மட்டுமே நோக்கம் என்றால், வெள்ளை நிறப் பஞ்சுத் திரி போன்ற பாலிப்ரோப்பிலின் கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக் கூட்டுக்குள் வைத்து, அழுக்கானதும் மாற்றும் உருளை) ஒன்று போதும். கார் கழுவுவதற்கும், மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் நீர் விடுவதற்கும், நுண்துளைத் தெளிப்பான் அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் இதுவே தாராளம். மீன் தொட்டிக்கோ குளத்துக்கோ நீர் நிரப்புபவர்களுக்கு மட்டும் கார்பன் கார்ட்ரிட்ஜ் தேவைப்படும், ஏனெனில் குழாய் நீரில் கிருமிக்காகச் சேர்க்கும் குளோரின் சிறிய அளவிலேயே மீனின் செவுள்களைப் புண்ணாக்கிவிடும். மலேசியக் குடிநீர்த் தர விதி ஒரு லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரினை அனுமதிக்கிறது. செடிகளுக்குச் சாதாரணக் குழாய் நீரால் கேடு வருவதில்லை. குளோரின் செடியைக் கொல்கிறது என்று சொல்லி விலையுயர்ந்த மூன்றடுக்கு வடிகட்டியை விற்கப் பார்க்கும் கடைக்காரரிடம் பொறுமையாகத் தலையசைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பஞ்சுக் கார்ட்ரிட்ஜில் 1, 5, 10, 20 மைக்ரான் என்று அளவு எழுதியிருக்கும். எண் சிறியதாக ஆக, தடுக்கும் துகளும் சிறியதாகும். அடைத்துக்கொள்ளும் வேகமும் கூடும். தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், தோட்ட வேலைக்கு 20 மைக்ரானே போதும் என்பது புரியும்.

மரை: பெரும்பாலோர் தோற்கும் இடம்

நான் முதலில் இணையத்தில் வாங்கிய வடிகட்டி, படத்தில் முக்கால் இன்ச் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. வந்த பொட்டலத்தைப் பிரித்துக் குழாயில் மாட்டினேன். மரையில், அதாவது திருகுவதற்கான சுருள் வரியில், ஒன்றரைச் சுற்றுக்குமேல் ஏறவில்லை. பலமாகத் திருகியபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறி, தண்ணீரைத் திறந்ததும் நான்கு பக்கமும் பீச்சியது. அது அமெரிக்கத் தோட்ட ஹோஸுக்கான மரை என்பது பிறகுதான் தெரிந்தது. நம் நாட்டில் பயன்படுவது பிரிட்டிஷ் பைப் மரை. முக்கால் இன்ச் அளவில் இதற்கு ஓர் இன்ச்சில் 14 மரைகள், அமெரிக்க ஹோஸ் மரைக்கோ பதினொன்றரை. இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அரை இன்ச் என்று கடையில் சொல்லும் மரையை அளவுகோலால் அளந்தால் அரை இன்ச் வராது. வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். முக்கால் இன்ச் என்பது ஏறக்குறைய 26.4 மில்லிமீட்டர். அந்தப் பெயர்கள் அக்காலத்து இரும்புப் பைப்பின் உள்துவாரத்தைக் குறித்தவை. ஆகவே உங்கள் குழாயின் நுனியை அளந்து, மில்லிமீட்டர் எண்ணைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். கைப்பேசியில் நுனியின் படமும் இருந்தால் நல்லது.

வாங்க வேண்டியவை

பத்து இன்ச் வடிகட்டிக் கூடு ஒன்று, சுவரில் மாட்டும் தாங்கியும் கூட்டைத் திறக்கும் வளையச் சாவியும் சேர்த்து. ஒளி ஊடுருவாத நீல அல்லது வெள்ளை நிறமாக இருக்கட்டும், கண்ணாடி போன்ற கூட்டில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். கார்ட்ரிட்ஜ், நீர் கசியாமல் மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒரு சுருள், சிலிக்கான் கிரீஸ் ஒரு சிறு குப்பி, சுவர் பிளக், திருகாணி, ஒரு மீட்டர் அளவுக்கு ஹோஸ் துண்டு, அதன் இரு முனைக்கும் கிளிக் இணைப்புகள். கூட்டின் நுழைவாயும் வெளிவாயும் உள்மரை கொண்டவை என்பதால், ஒருபுறம் வெளிமரையும் மறுபுறம் ஹோஸ் இணைப்பும் உள்ள இரண்டு பொருத்துகள் வேண்டும். கூட்டின் வாய் அளவு அரை இன்ச்சா முக்கால் இன்ச்சா என்பதைக் கடையிலேயே கையால் திருகிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பொருத்தும் முறை

கூட்டைக் குழாய்க்கு அருகில், நிழல் விழும் சுவரில் மாட்டுங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது கூட்டின் கீழ்ப்பகுதியான கிண்ணம் கீழ்நோக்கி இறங்க வேண்டும். அதற்காக அடியில் ஒரு சாண் இடமாவது விடுங்கள். நான் பூந்தொட்டி வரிசைக்கு மேலாக மாட்டிவிட்டு, மறுமுறை திறக்கும்போது தொட்டிகளையெல்லாம் நகர்த்த வேண்டியதாயிற்று.

அடுத்து டேப். பொருத்தின் மரை நுனி உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் இறுக்கி இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்து சுருண்டுகொள்ளும். ஆறேழு சுற்று போதுமானது. நுனியின் முதல் மரையை மூடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் அறுந்த டேப் துணுக்கு உள்ளே போய்விடும். பிறகு கையால் முடிந்தவரை திருகி, ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் கொடுங்கள். கூடு பிளாஸ்டிக், இரும்பென்று நினைத்து முழுப் பலத்தையும் காட்டினால் வாயின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் விழும், அது உடனே தெரியாது, இரண்டு நாள் கழித்துச் சுவர் ஈரமாகும்போதுதான் தெரியும். ரப்பர் வாஷர் உள்ள ஹோஸ் இணைப்புகளுக்கு டேப் தேவையே இல்லை; அங்கே நீரைத் தடுப்பது வாஷர்தான்.

கூட்டின் தலைப்பகுதியில் நீர் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் குறிக்கப்பட்டிருக்கும். குழாயிலிருந்து வரும் சிறு ஹோஸ் நுழைவாய்க்கும், செடிக்குப் போகும் நீண்ட ஹோஸ் வெளிவாய்க்கும் சேர வேண்டும். தண்ணீர் கார்ட்ரிட்ஜின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்கு ஊறிச் செல்வதே முறை. மாற்றிப் பொருத்தினாலும் நீர் வரும், ஆனால் அழுக்கெல்லாம் நடுத்துளைக்குள் சேரும். வெளியே வெள்ளை வெளேரென்று இருக்கும் கார்ட்ரிட்ஜைப் பார்த்து, நம் தண்ணீர் இவ்வளவு சுத்தமா என்று ஏமாந்துபோவோம்.

கிண்ணத்தை மூடுவதற்கு முன் அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் துடைத்து, விரல் நுனியில் சிலிக்கான் கிரீஸை எடுத்து மெல்லிய படலமாகத் தடவி, பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். வாஸ்லின், தேங்காய் எண்ணெய் போன்றவை வேண்டாம். சில வகை ரப்பர் அவற்றில் ஊறி உப்பிவிடும். கிண்ணத்தைக் கையால் இறுக்கினாலே போதும்.

இப்போது நீண்ட ஹோஸின் நுனியைத் திறந்து வைத்துவிட்டுக் குழாயை மெதுவாகத் திறங்கள். கூட்டின் தலையில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உள்ளே சிக்கிய காற்று சீறிக்கொண்டு வெளியேறும். நீர் துளிர்த்ததும் விட்டுவிடுங்கள். புதுக் கார்பனிலிருந்து முதலில் கறுப்பு நீர் வரும். அது தெளியும்வரை புல்தரையில் ஓட விடுங்கள், சிமெண்டுத் தரையில் வேண்டாம், கறை நிற்கும்.

வாளிக் கணக்கு

பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று வடிகட்டி இல்லாமல் ஒருமுறையும், பொருத்திய பிறகு ஒருமுறையும் பாருங்கள். எங்கள் வீட்டில் முதலில் 35 வினாடி, 20 மைக்ரான் பஞ்சுடன் 40. இந்த எண்ணைக் கூட்டின் மேலேயே மார்க்கரால் தேதியுடன் எழுதி வையுங்கள். பின்னாளில் அதே வாளி ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜ் அடைத்துவிட்டது என்று பொருள்.

கார்பன் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். பத்து இன்ச் கார்பன் கார்ட்ரிட்ஜ் பொதுவாக நிமிடத்துக்கு நான்கு லிட்டர் அளவுக்கே குளோரினைச் சரியாகப் பிடிக்கும். குழாயை முழுதாகத் திறந்தால் அதைப்போல் நான்கு மடங்கு நீர் பாய்கிறது, குளோரினும் கூடவே தப்பிவிடுகிறது. மீனுக்கு நிரப்பும்போது பத்து லிட்டர் வாளி நிறைய இரண்டரை நிமிடம் ஆகும்படி குழாயைக் குறைத்து வையுங்கள். அலங்கார மீன் கடைகளில் விற்கும் குளோரின் சோதனைத் துளியைச் சேர்த்துப் பாருங்கள், மஞ்சள் நிறம் தட்டினால் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். இரண்டு கூடு வைப்பவர்கள் பஞ்சை முன்னும் கார்பனைப் பின்னும் வைக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணே கார்பனை அடைத்துவிடும்.

இந்த நீரைக் குடிக்கக் கூடாது. குளோரின் போன நீர், வெயிலில் சூடாகும் ஹோஸுக்குள் தங்கி நிற்கும்போது கிருமி பெருக இடமாகிறது.

பிறகு

வேலை முடிந்ததும் ஹோஸ் நுனியில் உள்ள நீர் தெளிக்கும் துப்பாக்கியை மட்டும் மூடிவிட்டுப் போகாதீர்கள். குழாயையே மூடி, துப்பாக்கியை ஒருமுறை அழுத்தி உள்ளழுத்தத்தை இறக்குங்கள். நாள் முழுதும் அழுத்தத்தில் நிற்கும் பிளாஸ்டிக் கூடுதான் நடு இரவில் வெடிக்கிறது. பஞ்சுக் கார்ட்ரிட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். நீர்த்தடைக்குப் பிறகானால் அந்த வாரமே பாருங்கள். கார்பனை ஆறு மாதத்துக்குமேல் வைக்க வேண்டாம், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் பிடிப்பு தீர்ந்திருக்கும். கிண்ணத்தைக் கழற்றும் முன் குழாயை மூடிச் சிவப்புப் பொத்தானை அழுத்த மறந்தால் சட்டை நனையும். கிண்ணத்தில் மிஞ்சிய நீரையும் சோதனை வாளியையும் உடனே கவிழ்த்துவிடுங்கள்; நம் ஊரில் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு கிண்ணமே போதும்.