பினாங்குக்குச் சைக்கிளில் ஜோடியாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காலை ஆறு மணி இருட்டில் பத்துமலை முருகன் சிலைக்குக் கீழே நின்று படம் எடுக்கும்போது எல்லாரும் உயிர் நண்பர்கள்தான். வழியில் இருக்கும் தாப்பா ஊரைத் தாண்டுவதற்குள் முகம் கொடுத்துப் பேசாமல் போன ஜோடிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஜோடியில் நானும் இருந்தேன். கோலாலம்பூரிலிருந்து ரவாங், தஞ்சோங் மாலிம், ஈப்போ, தைப்பிங் வழியாக, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை, நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கால் வலி தாங்காமல் திரும்பியவர்களைவிட, கூட வந்தவன்மேல் கோபத்தோடு திரும்பியவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

பெரும்பாலும் தகராறு வேகத்தில்தான் தொடங்கும். பலசாலி முன்னால் பறந்துவிடுவான். அடுத்த சந்திப்பில் மர நிழலில் நின்று தண்ணீர் குடித்து, கைப்பேசி பார்த்து, பத்து நிமிஷம் ஓய்வெடுப்பான். பின்னால் வருகிறவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் “சரி, போலாமா?” என்று பெடலில் கால் வைப்பான். ஓய்வு வேண்டியவனுக்கு ஓய்வே கிடையாது, வேண்டாதவனுக்கு ஓய்வோ ஓய்வு! இது கெட்ட மனசால் நடப்பதில்லை. காத்திருந்ததையே பெரிய உபகாரமாக அவன் நினைத்துக்கொண்டிருப்பான். கடைசியாக வந்தவன் இறங்கி, தண்ணீர் குடித்து, அவனாக “கிளம்பலாம்” என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும்.

ஏற்றத்தில் மெதுவாக மிதிப்பவனை முன்னால் விடுங்கள். பாடாங் ரெங்காஸ் தாண்டி வரும் மலைப்பாதையில் இதைச் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். சமவெளியில் எதிர்காற்று அடித்தால் நேர்மாறாகச் செய்ய வேண்டும். பலசாலி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவனுக்கு உழைப்பு நன்றாகவே குறையும். ஆனால் வேகம் பின்னால் வருகிறவனுடையதாக இருக்க வேண்டும். சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போவதும் ஆபத்து. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் உரசினால், விழப்போவது பெரும்பாலும் நீங்கள். வலது பக்கம் விழுந்தால் அங்கே லாரி வரும். முன்னால் போகிறவன் குழியைக் கையால் காட்டி, வாயாலும் சொல்ல வேண்டும்.

இனி என் கதை. சுங்காய் ஊருக்கு முன்னால் எனக்குப் பின்சக்கரம் பஞ்சர். பையைத் திறந்தேன், மாற்று டியூப் இல்லை. கூட வந்த மச்சானைப் பார்த்தேன்.

“நீதான் எடுத்துட்டு வருவேன்னு நெனச்சேன்” என்றேன்.

“டேய், எங்கிட்ட இருக்கிறது என் டயருக்கு!”

அவனுடையது தடித்த டயர், மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு. என்னுடையது மெலிந்த டயர், மெலிந்த பிரெஸ்டா வால்வு. அவன் டியூபின் வால்வு என் ரிம்மில் இருந்த ஓட்டைக்குள் நுழையவே இல்லை. வெயிலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு மோட்டார் பட்டறையில் நின்றோம். பட்டறைக்காரர் காற்றுக் குழாயை வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டியூபுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். கைப்பம்பு மச்சானிடம் இருந்ததால் பிழைத்தோம். நம் ஊர்களில் மோட்டார் பட்டறைக்குப் பஞ்சமில்லை, சைக்கிள் கடைதான் அரிது. முடிந்தால் இரண்டு பேரும் ஒரே அளவு சக்கரம், ஒரே வகை வால்வு வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அவரவர் டியூப் அவரவர் பையில் இருக்கட்டும். மெலிந்த வால்வுக்குப் போடும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று சேர்த்து வைத்தால் எந்தப் பட்டறையிலும் காற்றடிக்கலாம். கிளம்புவதற்கு முந்தின இரவு இருவர் பையையும் தரையில் கொட்டி, சேர்ந்து அடுக்குங்கள்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது சைக்கிள்காரனுக்கு வெறும் பழமொழி இல்லை. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை, நல்ல வேகத்தில் இரண்டு மணி நேரம் மிதித்தால் தீரத் தொடங்கும். அப்புறம் கால் கனக்கும், சின்ன வார்த்தையும் குத்தும். கோபம் வந்தால் முதலில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம். பசி எடுக்கும் வரை காத்திருக்காமல் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது வாயில் போடுங்கள். பசியாறலுக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) ஒரு பொட்டலம் போதும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு, வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் 100 பிளஸ் போன்ற உப்புச் சத்துள்ள பானம் அல்லது உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு.

மதியத்துக்கு மேல் இடிமழை வரும் என்று தெரிந்தும் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? தைப்பிங் மழைக்குப் பேர் போன ஊர். இருட்டிலேயே கிளம்பி மதியத்துக்குள் பெரும்பகுதியை முடியுங்கள். பொழுது விடிய ஏழு மணி ஆகும், முன் பின் விளக்கு கட்டாயம். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கடைக்குள் போய்விடுங்கள்.

பணத்துக்கு ஒரு பொதுப் பை போதும். ஆளுக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்) போட்டு, சாப்பாடும் தங்கும் செலவும் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி போடலாம்.

“போதும், என்னால் முடியாது” என்று சொல்வதற்கு யாருக்கும் அனுமதி தேவையில்லை என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் சொல்லியிருக்க வேண்டியதைத் தன்மானத்துக்காக அடக்கிவைத்து, நடுக்காட்டில் வெடித்தால் இரண்டு பேருக்கும் சிரமம்.

வழியைப் பற்றியும் ஒன்று. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை, பழைய சாலைதான். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் போகலாம், மிதிவண்டி போக முடியாது. பாலத்தில் ஏறிக் கொடி காட்டலாம் என்று கனவு கண்டுகொண்டு வந்து, கடைசி மணி நேரத்தில் வழி கேட்டு அலைந்து சண்டை போடாதீர்கள். நேராகப் பட்டர்வொர்த் ஃபெர்ரிக்குப் போங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொதுப் பையில் சில்லறைதான் மிஞ்சியிருந்தது. மச்சான் அதை எண்ணிப் பார்த்து, “டிக்கெட்டுக்குப் போதும், தேத்தண்ணி உன் கணக்கு” என்றான்.