மேல்மாடி எழுப்புவதற்கு முன் சுற்றுலாக் கணக்கை வாசியுங்கள்

"டூரிஸ்ட் கூடிட்டினம்" என்ற செய்தியை மட்டும் நம்பி யாழ்ப்பாணத்தில் கடன் எடுத்து அறை கட்டுகிறவர்களைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை மாதாமாதம் தன் இணையத்தளத்தில் அறிக்கை போடுகிறது, காசு கட்டத் தேவையில்லை. முதலில் அதை எடுங்கள்.

சதவீதத்தைக் கண்டு மயங்க வேண்டாம். 2022-இல் நாடு முழுவதுக்கும் வந்தவர்கள் சுமார் 7.2 இலட்சம், 2023-இல் 14.87 இலட்சம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் 2022 நாங்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடம். 2018-இல் வந்தவர்கள் 23.3 இலட்சம், 2024-இல் 20.5 இலட்சம் பேர் வந்தும் அதை எட்டவில்லை. ஆகவே எந்த மாதத்தையும் போன வருடத்து அதே மாதத்தோடும், முடிந்தால் 2018-இன் அதே மாதத்தோடும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் நாடுவாரிப் பட்டியல். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ரஷ்யர்கள் கூடினால் பெரும்பாலும் தெற்குக் கடற்கரைகள்தான் நிரம்பும், நல்லூரில் உங்கள் அறை நிரம்பாது. நமக்கு வேண்டியது இந்தியா, கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து வரிகள். கனடாக் கடவுச்சீட்டில் வரும் நம்மவரும் அந்தக் கணக்கில் சுற்றுலாப் பயணிதான், ஆனால் அவர் இறங்குவது கோண்டாவிலில் சித்தி வீட்டில். அவருக்கு வேண்டியது நயினாதீவுக்குப் போக குறிகட்டுவான் படகுத்துறை வரை ஒரு வான், பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு ஒரு மண்டபம், வெக்கை தாங்காத பிள்ளைகளுக்கு ஏசியும் உள்ளேயே குளியலறையும் உள்ள ஒன்றிரண்டு அறை. அதுவும் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேரும் ஆடி, ஆவணியில். மார்கழியில் நாட்டுக் கணக்கு உச்சத்தில் இருந்தாலும் இங்கே மழை விட்டிருக்காது.

வரும் வழியையும் பாருங்கள். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னைக்கான விமானச் சேவை கொவிட்டில் நின்று 2022 டிசம்பரில் திரும்பியது, 2024 செப்டம்பரில் இண்டிகோ வந்தது, 2025 மார்ச்சில் திருச்சியும் சேர்ந்தது. எல்லாம் எழுபது சொச்சம் இருக்கை உள்ள சின்ன விமானங்கள். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினாலும், மாரியில் கடல் கொந்தளித்தால் நிற்கும். வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று நீங்களே கூட்டிப் பாருங்கள், இந்தியாவிலிருந்து நேரே இங்கே இறங்கக்கூடியவர்கள் அதற்கு மேல் இல்லை. அந்த இருக்கைகளிலும் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் கலியாணச் சேலைக்கும் போய்வரும் நம் சனமே நிறைய.

இப்படிப் போகிறவர்களையும் வாடிக்கையாளராக நினையுங்கள். வன்னியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ பலாலிக்கு வருகிறவருக்கு முதல்நாள் இரவு தங்க ஒரு துப்புரவான அறையும், விமான நிலையத்துக்கு ஒரு ஆட்டோவும் போதும், அதற்கு மேல்மாடி தேவையில்லை.